தத்ரூபம் என்னும் தவறான அளவுகோல்

போர்ப்படங்களைப் பற்றிய பேச்சில் மூன்று கருத்துகள் கேள்வி கேட்பாரின்றி நடமாடுகின்றன. போர்க்களத்தை எவ்வளவு தத்ரூபமாகக் காட்டுகிறதோ அவ்வளவுக்கு ஒரு படம் உயர்ந்தது என்பது முதலாவது. உண்மையிலேயே துப்பாக்கி பிடித்தவர் நடித்தால்தான் சிப்பாய் வேடம் பொருந்தும், பெயர்பெற்ற நட்சத்திரம் வந்தால் அது கெட்டுவிடும் என்பது இரண்டாவது. இவற்றுக்கு அப்பால் உள்ளதெல்லாம் அவரவர் ரசனை, அதில் வாதாட ஒன்றுமில்லை என்பது மூன்றாவது. 1998இல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் ‘சேவிங் பிரைவேட் ரயன்’ வெளிவந்த பிறகு இந்த மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய ஒரு கோட்பாடாகவே இறுகிவிட்டன. அதற்கு முந்திய படங்களைப் ‘பழைய காலத்துப் பொம்மைச் சண்டை’ என்று ஒதுக்குவதும், பிந்திய படங்களை இரத்தத்தின் அளவையும் சத்தத்தின் துல்லியத்தையும் கொண்டு தரம்பிரிப்பதும் வழக்கமாகிவிட்டன.

மூன்றுமே தவறு. போர்ப்படம் போரைத் திரும்ப நிகழ்த்திக் காட்டும் கருவி என்ற நினைப்பே அவற்றின் வேர். கொல்லவும் கொல்லப்படவும் ஏவப்பட்ட மனிதர்கள் என்ன முடிவெடுக்கிறார்கள், அந்த முடிவுக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதைக் காட்டவே நல்ல போர்ப்படம் எடுக்கப்படுகிறது. தத்ரூபம் அதற்கு உதவும் பல உத்திகளில் ஒன்று. நடிகரின் சொந்த அனுபவம் அதற்கான மூலப்பொருள்களில் ஒன்று. உத்தியையும் மூலப்பொருளையும் அளவுகோலாக்கினால் தீர்ப்பு பிழையாகத்தான் வரும்.

தத்ரூபமும் செய்யப்படுவதே

முதல் கருத்துக்குப் பெரிய சான்றாகக் காட்டப்படுவது ‘ரயன்’ படத்தின் தொடக்கத்தில் வரும் ஒமாஹா கடற்கரைக் காட்சி. ஏறத்தாழ 25 நிமிடம் நீளும் அந்தக் காட்சி நார்மண்டியில் எடுக்கப்பட்டதல்ல. அயர்லாந்தின் வெக்ஸ்ஃபோர்டு மாவட்டத்தில் உள்ள கராக்ளோ கடற்கரையில் எடுக்கப்பட்டது. கரையேறும் கூட்டத்தில் பெரும்பகுதி அயர்லாந்து ராணுவத்தின் சேமப்படையினர். கை கால் இழந்த சிப்பாய்களாக ஏற்கெனவே உறுப்பிழந்தவர்கள் நடித்தார்கள். படத்தின் இறுதியில் வரும் ஜெர்மானிய டைகர் டாங்கிகள் சோவியத் டி-34 வண்டிகளின்மேல் கட்டிய வேடம். ஒளிப்பதிவாளர் யானுஷ் காமின்ஸ்கி லென்ஸ்களின் பாதுகாப்புப் பூச்சை நீக்கி வெளிச்சத்தை மங்கவைத்தார். ஷட்டரின் கோணத்தைக் குறுக்கி, ஒவ்வொரு மண்துகளும் தனித்தனியாகத் தெறிப்பதுபோல் அசைவை வெட்டி வெட்டிக் காட்டினார்.

இதில் குறைசொல்ல எதுவுமில்லை. தொழில்திறமையின் உச்சம் அது. ஆனால் கரையேறிய எந்தச் சிப்பாயின் கண்ணும் குறுக்கிய ஷட்டர் வழியாகப் பார்க்கவில்லை. அந்தக் காட்சி ‘உண்மை’யாகத் தோன்றுவதற்குக் காரணம், அது போர்முனைப் புகைப்படங்களையும் செய்திப்படச் சுருள்களையும் ஒத்திருப்பது. 1944 ஜூன் 6 அன்று ராபர்ட் காப்பா எடுத்த நடுங்கிய, மங்கிய புகைப்படங்கள் இந்தத் தோற்றத்துக்கு முன்மாதிரி. பார்வையாளர் உண்மையென்று அடையாளம் காண்பது தமக்கு முன்பே பழக்கமான வேறு படங்களைத்தான். கேமரா நடுங்கினால் நிஜம், நிலையாக நின்றால் நாடகம் என்பது பழக்கத்தால் வந்த மரபு. மரபுகள் காலந்தோறும் மாறும்.

மாறியிருக்கின்றன என்பதற்கு அதே நார்மண்டிப் படையிறக்கத்தைப் பற்றிய ‘த லாங்கஸ்ட் டே’ (1962) சாட்சி. தயாரிப்பாளர் டாரில் சனக் அதை வேண்டுமென்றே கறுப்பு வெள்ளையில் எடுத்தார். ஜெர்மானியர் ஜெர்மன் மொழியிலும் பிரெஞ்சுக்காரர் பிரெஞ்சிலும் பேசினார்கள். சண்டையில் பங்கெடுத்த இரு தரப்பு அதிகாரிகளும் ஆலோசகர்களாக இருந்தார்கள். அன்றைய பார்வையாளருக்கு அதுவே தத்ரூபம். இன்றைய இளைஞருக்கு அது சுத்தமான சீருடை அணிந்தவர்களின் அணிவகுப்பு. இன்னும் ஒரு தலைமுறை கழித்து ‘ரயன்’ படத்தின் ஷட்டர் வித்தையும் இதேபோல் ஒரு காலத்தின் பாணியாகவே தெரியும். தலைமுறைக்கு ஒருமுறை காலாவதியாகும் ஒன்றை நிலையான தரத்துக்கு அளவாக்க முடியாது.

கண்டவர் எப்படிக் காட்டினார்

ஒமாஹா கடற்கரையில் உண்மையிலேயே கரையேறிய ஒருவர் பின்னாளில் அதைப் படமாக்கினார். அமெரிக்க முதலாம் காலாட்படைப் பிரிவில் சிப்பாயாக இருந்த சாமுவேல் ஃபுல்லர் எடுத்த ‘த பிக் ரெட் ஒன்’ (1980) அது. பணம் குறைவு, பெரும்பகுதி இஸ்ரேலில் எடுக்கப்பட்டது. ஸ்பீல்பெர்க்கிடம் இருந்த கூட்டமோ படகுகளோ அவரிடம் இல்லை. தண்ணீர் விளிம்பில் கிடக்கும் ஒரு பிணத்தின் கையையும், அதில் ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரத்தையும் காட்டினார். சண்டை தொடர்கிறது, மீண்டும் அதே கை, முள் நகர்ந்திருக்கிறது, தண்ணீர் சிவந்திருக்கிறது. மீண்டும் அதே கை. தண்ணீர் இன்னும் சிவந்திருக்கிறது.

‘ரயன்’ அந்தக் கரையின் பயங்கரத்தைக் காட்டுகிறது. ஃபுல்லரின் கடிகாரம் அந்தக் கரையில் எவ்வளவு நேரம் கிடக்க நேர்ந்தது என்பதைக் காட்டுகிறது. உயிரோடு இருந்தவர்களுக்கு அந்த நேரமே பெரிய வதையாக இருந்திருக்கும். போரை உள்ளபடி காட்டவேண்டுமானால் திரைக்குப் பின்னாலிருந்து பார்வையாளரை நோக்கிச் சுடவேண்டும் என்ற பொருளில் ஃபுல்லர் பேசியதுண்டு. அனுபவமே அளவுகோல் என்பவர்கள் அனுபவப்பட்டவரின் இந்த முடிவையும் கணக்கில் எடுக்கவேண்டும்: அவர் தத்ரூபத்தைத் தேடிப் போகவில்லை, ஒரு வடிவத்தைத் தேடினார்.

‘ரயன்’ படமேகூட முதல் அரைமணி நேரத்தால் மட்டும் நிற்பதல்ல. ஒருவனை மீட்க எட்டுப் பேரை அனுப்புவது சரியா என்ற கேள்விதான் அதன் முதுகெலும்பு. அந்தக் கேள்வி உச்சத்துக்கு வருவது ஒரு சத்தமற்ற காட்சியில். பிடிபட்ட ஜெர்மானியச் சிப்பாயைக் கொல்வதா விடுவதா என்று குழு பிளந்து, ஒருவர் மற்றொருவர்மேல் துப்பாக்கியை நீட்டும் நிலை வந்ததும், டாம் ஹாங்ஸ் ஏற்ற கேப்டன் மில்லர் அதுவரை மறைத்துவைத்த தன் ஊர்த்தொழிலைச் சொல்கிறார்: அவர் பள்ளி ஆசிரியர். குரல் உயர்வதில்லை, பெருமையும் இல்லை. வீட்டுக்குத் திரும்பினால் மனைவி தன்னை அடையாளம் கண்டுகொள்வாளா என்ற ஐயத்தைச் சொல்லி நிறுத்துகிறார். சண்டை அடங்குகிறது. தத்ரூபத்தின் கொடியாகத் தூக்கிப் பிடிக்கப்படும் படத்தின் மையக் காட்சி ஒரு நட்சத்திர நடிகரின் பேச்சு.

சேற்றையும் இரத்தத்தையும் கூட்டுவதால் படம் ஆழப்படுவதில்லை என்பதற்கு எரிக் மரியா ரெமார்க்கின் ‘ஆல் குயட் ஆன் த வெஸ்டர்ன் ஃபிரண்ட்’ நாவலின் இரு பட வடிவங்களை ஒப்பிடலாம். 1930இல் லூயிஸ் மைல்ஸ்டோன் எடுத்தது ஒன்று. 2022இல் எட்வர்ட் பெர்கர் ஜெர்மன் மொழியில் எடுத்தது மற்றொன்று. பின்னது ஒளிப்பதிவு உட்பட நான்கு ஆஸ்கார் விருதுகளைப் பெற்றது. அதன் பதுங்குகுழிகளும் டாங்கிகளும் முதல் படத்தில் இல்லாத அளவு மிரட்டுகின்றன. ஆனால் நாவலின் உயிர்நாடியான பகுதியை அது விட்டுவிட்டது. இளைஞன் பால் விடுமுறையில் ஊர் திரும்பி, நோயுற்ற தாயிடம் பொய் சொல்லி, பீர் மேசையில் அமர்ந்து போர்த்தந்திரம் அளக்கும் பெரியவர்களிடையே அன்னியனாக நிற்கும் பகுதி அது. போர் ஒருவனை எப்படி மீட்க முடியாதபடி மாற்றிவிடுகிறது என்பது அங்கேதான் தெரிகிறது, போர்க்களத்தில் அல்ல.

நாவலில் பால் அமைதியான ஒருநாளில், அறிக்கையில் குறிக்கத் தகுந்த எதுவும் நடக்காத நாளில் சாகிறான். அந்த அற்பத்தனம்தான் நாவலின் குற்றச்சாட்டு. 2022 படம் அவனைப் போர்நிறுத்தம் அமலாகும் கடைசி நிமிடங்களில் நடக்கும் பெரும் தாக்குதலில் சாகவைக்கிறது. காட்சி பிரமாண்டமாகிறது, குற்றச்சாட்டு பொதுவானதாகிவிடுகிறது. 1930 படத்திலோ பதுங்குகுழியிலிருந்து ஒரு கை பட்டாம்பூச்சியை நோக்கி நீள்கிறது, ஒரு வேட்டு, கை துவள்கிறது. பட்டாம்பூச்சியும் நாவலில் அப்படி இல்லை. ஆனாலும் நாவல் சொல்ல வந்ததை அது காப்பாற்றியது. திரையில் துவளும் அந்தக் கை நடிகர் லூ ஏர்ஸின் கைகூட அல்ல; அவர் கிடைக்காததால் இயக்குநர் மைல்ஸ்டோன் தன் கையையே நீட்டினார். திரையுலகம் மறக்காத ஒரு சிப்பாயின் மரணம், சிப்பாயாக நடித்தவருடையதுகூட இல்லை.

பொருள் சரி, ஆள் எங்கே

தத்ரூபத்தைப் போற்றுபவர்கள் அதைப் பெரும்பாலும் பொருள்களில் தேடுகிறார்கள்: துப்பாக்கியின் மாதிரி, சீருடையின் பொத்தான், விமானத்தின் எந்திரம். கிறிஸ்டோபர் நோலனின் ‘டன்கர்க்’ (2017) இந்த வகையில் பெரிதும் பாராட்டப்பட்டது. உண்மையான ஸ்பிட்ஃபயர் விமானங்கள் பறந்தன; 1940இல் சிப்பாய்களை ஏற்றிவந்த சிறுபடகுகள் சில மீண்டும் கடலில் இறங்கின; கணினி வரைகலையைக் குறைக்கத் தொலைவில் நிற்கும் கூட்டத்துக்கு அட்டை உருவங்களை நிறுத்தினார்கள். அந்தக் கரையில் இருந்த பிரிட்டிஷ் இந்திய ராணுவச் சேவைப் பிரிவின் கோவேறு கழுதைப் படையினருக்கு மட்டும் படத்தில் இடமில்லை. அட்டைச் சிப்பாய்க்குக் கிடைத்த இடம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு ‘த பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்’ (1957). டேவிட் லீன் அதை இலங்கையின் கித்துள்கலவில், களனி ஆற்றங்கரையில் எடுத்தார். உண்மையான மரப்பாலம் கட்டி, உண்மையான ரயிலோடு வெடிவைத்துத் தகர்த்தார்கள். அந்த வெடிப்பின் நிஜத்தைப் புகழாதவர் இல்லை. ஆனால் கதைக்கு அடியில் இருந்த வரலாறு வேறு. 1942–43இல் ஜப்பானியர் கட்டுவித்த 415 கிலோமீட்டர் சயாம்–பர்மா ரயில்பாதையில் ஏறத்தாழ 60,000 நேசநாட்டுப் போர்க்கைதிகள் வேலைவாங்கப்பட்டு 12,000க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக ஆசியக் கூலிகள் இழுத்துச் செல்லப்பட்டார்கள். மாண்டவர்களிலும் அவர்களே மிகுதி. மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் அவர்களில் பெருந்திரள். படத்தில் அவர்கள் இல்லை. மலேசியத் தமிழில் ஆர். சண்முகம், அ. ரெங்கசாமி போன்றோரின் நாவல்களே அந்தத் துயரைப் பதிவு செய்தன. படத்தின் கர்னல் நிக்கல்சன் எதிரிக்குப் பாலம் கட்டித் தருவதில் பெருமை காண்பவர். அந்த இடத்தில் உண்மையில் இருந்த லெப்டினன்ட் கர்னல் பிலிப் டூசியோ தன் ஆட்களைக் காப்பாற்றுவதில் முனைந்தவர், வேலையைக் கெடுக்கவும் தாமதப்படுத்தவும் இடம்கொடுத்தவர். முன்னாள் கைதிகள் பலர் படத்தைக் கண்டித்ததற்கு இதுவே காரணம்.

இந்தக் குறைகளும் தத்ரூபக் குறைகள்தாமே, அப்படியானால் தத்ரூபம் முக்கியம் என்றுதானே ஆகிறது என்று ஒருவர் கேட்கலாம். வேறுபாடு இருக்கிறது. டைகர் டாங்கியின் சக்கரம் வேறாக இருப்பதால் ‘ரயன்’ சொல்லும் எதுவும் மாறுவதில்லை. ஆசியக் கூலிகள் இல்லாததால் ‘குவாய்’ சொல்வது அடியோடு மாறுகிறது: பெருந்திரளான ஏழைகளின் சாவு, இரண்டு அதிகாரிகளின் கௌரவப் போட்டியாகச் சுருங்குகிறது. பொருளைப் பற்றிய பிழை வேறு, யார் துன்பப்பட்டார்கள் என்பதைப் பற்றிய பிழை வேறு. வழக்கிலுள்ள கருத்து முதலாவதை நுணுக்கமாகத் தேடிப்பிடித்து இரண்டாவதைத் தவறவிடுகிறது.

போருக்குப் போன நடிகர்கள்

இரண்டாவது கருத்துக்கு வரலாம். போரைக் கண்டவரே போர்வீரராக நன்றாக நடிப்பார் என்பதைச் சோதிக்க ஆடி மர்ஃபியைவிடப் பொருத்தமானவர் இல்லை. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்காவின் மிக உயர்ந்த வீர விருது பெற்ற அவர், 1955இல் வெளிவந்த ‘டு ஹெல் அண்ட் பேக்’ படத்தில் தன் வேடத்தைத் தானே ஏற்றார். எரியும் வண்டிமேல் ஏறி எந்திரத் துப்பாக்கியால் எதிரியைத் தடுத்த நிகழ்வையும் மீண்டும் நடித்தார். படம் பெரும் வசூல் கண்டது. ஆனால் அந்த நடிப்பு மரத்துப்போனது. தன் வீரத்தைத் தானே காட்டிக்கொள்ளக் கூசும் ஒரு மனிதன், நிகழ்ந்தவற்றை வரிசையாகச் செய்துகாட்டுவதுபோல் இருக்கிறது.

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஜான் ஹூஸ்டன் இயக்கிய ‘த ரெட் பேட்ஜ் ஆஃப் கரேஜ்’ (1951) படத்தில் அதே மர்ஃபி, அமெரிக்க உள்நாட்டுப் போரில் முதல் மோதலிலேயே பயந்து ஓடும் இளைஞனாக நடித்தார். எம்.ஜி.எம். நிறுவனம் படத்தை 69 நிமிடமாக வெட்டிச் சுருக்கியும், அந்த நடிப்பு உயிரோடு இருக்கிறது. பிறர் கண்ணுக்கு அஞ்சும் பார்வை, காயம்பட்டவர்களின் வரிசையில் காயமின்றி நடக்கும் வெட்கம், தன்னைப் பற்றிய பொய்யைத் தானே நம்பத் தொடங்கும் தருணம் எல்லாம் அதில் உண்டு. மர்ஃபியின் போர் அனுபவம் இரண்டு படங்களுக்கும் ஒன்றுதான். வேறுபட்டவை இயக்குநரும் எழுத்தும் வேடமும். நடிப்பின் தரம் அனுபவத்திலிருந்து வந்திருந்தால் இரண்டும் ஒன்றாகவே இருந்திருக்கவேண்டும். இந்தப் படத்துக்கு மூலமான நாவலை எழுதிய ஸ்டீஃபன் கிரேன் பிறந்தது 1871இல். அந்தப் போர் முடிந்து ஆறு ஆண்டுகள் கழித்து. 1895இல் நூல் வெளிவந்தபோது அவர் எந்தப் போரையும் நேரில் கண்டதில்லை.

லீ மார்வினும் இதே பாடத்தைத்தான் தருகிறார். பசிபிக் போரில் கடற்படைக் காலாட்படையில் இருந்து 1944இல் சைப்பான் தீவில் காயம்பட்டவர் அவர். ‘த டர்ட்டி டஜன்’ (1967) படத்தில் அவர் செய்வது கேளிக்கைச் சாகசம். ‘த பிக் ரெட் ஒன்’ படத்திலோ, வதைமுகாமிலிருந்து மீட்ட ஒரு சிறுவனைத் தோளில் சுமந்து நடக்கிறார். சிறுவன் தோளிலேயே இறந்துபோகிறான். மார்வின் சொல்லின்றித் தொடர்ந்து நடக்கிறார். சைப்பான் இரண்டு படங்களுக்கும் பின்னால் இருந்தது. ஒன்றில் மட்டும் அதற்கு வேலை கொடுக்கப்பட்டது.

அனுபவம் நடிப்புக்குள் வரும்போது நேர்வழியில் வருவதும் அரிது. பி-24 குண்டுவீச்சு விமானத்தில் 20 தாக்குதல்களில் பறந்த ஜேம்ஸ் ஸ்டூவர்ட், போர் முடிந்து திரும்பி முதலில் நடித்த ‘இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்’ (1946) படத்தில், ஒரு காது கேளாததால் போருக்கே எடுக்கப்படாத சிற்றூர்க்காரராக வந்தார். அந்தப் படத்தில் அவர் உடைந்து அழும் காட்சிக்கு நிகரானது அவருடைய பிற்காலத்துச் சீருடை வேடங்களில் இல்லை. அலெக் கின்னஸ் 1943இல் சிசிலிப் படையெடுப்பில் ஒரு தரையிறங்கு படகுக்குத் தலைமை தாங்கியவர். ‘குவாய்’ படத்தில் கர்னல் நிக்கல்சனாகத் தகரக் கொட்டடியிலிருந்து விடுவிக்கப்பட்டு, நிமிர்ந்து நிற்க முயன்று தள்ளாடிவரும் அவருடைய நடை புகழ்பெற்றது. போலியோவிலிருந்து தேறிக்கொண்டிருந்த தன் மகனின் நடையிலிருந்து அதை எடுத்ததாக அவர் கூறியிருக்கிறார். போரைக் கண்ட நடிகருக்கு அந்தப் போர்க்காட்சியைத் தந்தது வீட்டில் கண்ட நோய்.

‘த லாங்கஸ்ட் டே’ படத்தில் இந்தக் கருத்தின் பயனின்மை வெளிப்படையாகத் தெரிகிறது. அதில், படையிறக்கத்தின்போது ஒரு பாலத்தைக் கைப்பற்றும் மேஜர் ஜான் ஹவர்டாக நடித்த ரிச்சர்ட் டாட், அதே இரவில் பாராசூட்டில் குதித்து அதே பாலத்தில் ஹவர்டின் ஆட்களோடு சேர்ந்தவர். அமெரிக்க அதிகாரி வேண்டர்வோர்ட்டாக வரும் ஜான் வெய்ன் எந்தப் போரிலும் பணியாற்றாதவர். ஏற்ற பாத்திரத்தைவிட ஏறத்தாழ இருமடங்கு வயது கூடியவர். விவரம் தெரியாமல் படம் பார்ப்பவரால் யார் அங்கே இருந்தவர் என்று சொல்ல முடியாது. டாட் அமைதியான, திருத்தமான நடிகர், அவ்வளவுதான்.

வெய்னைப் பற்றிய குற்றச்சாட்டையும் சரியான இடத்தில் வைக்கவேண்டும். அவர் போருக்குப் போகாததே அவருடைய போர்ப்படங்களைப் பொய்யாக்குகிறது என்பது பரவலான ஏளனம். ஜான் ஃபோர்டின் ‘தே வேர் எக்ஸ்பெண்டபிள்’ (1945) அதை ஏற்கவிடாது. தோல்வியில் பின்வாங்கும் படகுப்படையின் இரண்டாம் நிலை அதிகாரியாக, பொறுமையற்று, அடங்கி, பிறருக்கு இடம்விட்டு நடித்தார். ‘த கிரீன் பெரெட்ஸ்’ (1968) பொய்யாவதற்குக் காரணம் வேறு: வியட்நாமைப் பற்றி எந்த ஐயத்துக்கும் இடம் தராத உறுதி. அந்த உறுதியோடு எடுக்கும் படம், உண்மையான வீரர் ஒருவர் நடித்திருந்தாலும் அதே கதிக்குத்தான் ஆளாகும். மறுபுறம், 1930இல் பாலாக நடித்த லூ ஏர்ஸ் அப்போது எந்தப் போரையும் அறியாதவர். இரண்டாம் உலகப்போர் வந்தபோது ஆயுதம் ஏந்த மறுத்து, மருத்துவப் பணியாளராகப் பசிபிக் போர்முனைக்குப் போனார். நடிப்பு முதலில் வந்தது. போர் பிறகு வந்தது.

வலுவான இரு எதிர்ச்சான்றுகள்

நேரனுபவத்தின் சார்பில் சொல்லத்தக்க வலுவான சான்றுகள் இரண்டு உண்டு. அவற்றைத் தவிர்த்துவிட்டு இந்த வாதத்தை முடிக்க முடியாது. முதலாவது, வில்லியம் வைலரின் ‘த பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்’ (1946) படத்தில் ஹெரால்ட் ரஸ்ஸல். ராணுவப் பயிற்சியில் வெடிபொருள் வெடித்து இரு கைகளையும் இழந்த அவர் தொழில்முறை நடிகரல்ல. ஒரே வேடத்துக்காக இரண்டு ஆஸ்கார் பெற்றவர் அவர் மட்டுமே. அவருடைய எஃகுக் கொக்கிகள் நிஜம் என்பதால்தான் படம் உலுக்குகிறது என்பார்கள்.

பாதி உண்மை. மதுக்கடைக் காட்சியில் ரஸ்ஸல் கொக்கிகளால் பியானோ வாசிக்கிறார். ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்ட் அதை முன்னணியில் வைத்து, வெகு தொலைவில் பின்னணியில், தொலைபேசிக் கூண்டுக்குள் டானா ஆண்ட்ரூஸ் ஒரு காதலை முறித்துக்கொள்வதையும் அதே கூர்மையில் காட்டுகிறார். இடையில் ஃபிரெட்ரிக் மார்ச் இரண்டையும் மாறிமாறிப் பார்க்கிறார். ரஸ்ஸலின் கைகள் கண்ணை இழுக்கின்றன; கதை வேறிடத்தில் நடக்கிறது; பார்வையாளர் மார்ச்சோடு சேர்ந்து தவிக்கிறார். நிஜக் கைகளுக்கு அங்கே ஆற்றல் தருவது காட்சியின் அமைப்பும் இரண்டு தொழில்முறை நடிகர்களும். அந்தக் கைகளை வெறுமனே காட்டியிருந்தால் இரக்கம் வந்திருக்கும், படம் வந்திருக்காது.

இரண்டாவது, எலெம் கிளிமோவின் ‘கம் அண்ட் சீ’ (1985). பெலாரூஸில் நாஜிகள் மக்களோடு சேர்த்து எரித்த 628 கிராமங்களை நினைவூட்டும் படம். திரைக்கதையில் பங்கெடுத்த அலெஸ் அடமோவிச் சிறுவயதில் கெரில்லாப் படையில் இருந்தவர். மையவேடம் ஏற்ற அலெக்சேய் கிராவ்சென்கோ புதுமுகச் சிறுவன். தத்ரூபவாதிகள் இதைத் தம் கட்சியில் சேர்த்துக்கொள்வது வழக்கம். படைகள் மோதும் காட்சி இந்தப் படத்தில் அரிது என்பதை அவர்கள் கவனிப்பதில்லை. குண்டு விழுந்தபின் சிறுவனின் காதில் கேட்கும் இரைச்சலைப் பார்வையாளரும் கேட்கவேண்டியிருக்கிறது. முகங்கள் கேமராவை நேராகப் பார்க்கின்றன. இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீளும் படத்தில் ஒரு பிள்ளையின் முகம் கிழவனின் முகமாகிறது. இறுதியில் செய்திப்படச் சுருள் பின்னோக்கி ஓடி ஹிட்லர் கைக்குழந்தையாகிறான். இவற்றில் எதையும் தத்ரூபம் என்று சொல்ல முடியாது. அடமோவிச்சின் அனுபவம் படத்துக்கு எதைச் சொல்வது என்பதைக் கொடுத்தது. எப்படிச் சொல்வது என்பது கிளிமோவின் கலை.

நட்சத்திரங்கள் மீதான பழி

தெரிந்த முகம் மாயத்தைக் கலைத்துவிடும் என்ற குற்றச்சாட்டு சில இடங்களில் சரி. டெரன்ஸ் மாலிக்கின் ‘த தின் ரெட் லைன்’ (1998) படத்தில் ஜான் டிரவோல்டாவும் ஜார்ஜ் குளூனியும் சில நிமிடம் தலைகாட்டிப் போவது கவனத்தைச் சிதறடிக்கத்தான் செய்கிறது. ஆனால் அதே படத்தின் உச்சம் நிக் நோல்டி என்னும் நட்சத்திரத்தாலும் அப்போது அதிகம் அறியப்படாத எலியஸ் கோட்டியஸாலும் ஆனது. குன்றின் கீழிருந்து கர்னல் டால், நேர்முகத் தாக்குதலுக்குத் தொலைபேசியில் ஆணையிடுகிறார்; மேலே கேப்டன் ஸ்டாரோஸ், தன் ஆட்களைச் சாவுக்கு அனுப்ப முடியாது என்று மறுக்கிறார். நோல்டியின் கழுத்து நரம்பு புடைக்கிறது. வாழ்நாளெல்லாம் காத்திருந்த போர் கைநழுவிவிடும் என்ற ஒரு முதிய அதிகாரியின் பதற்றம் அந்தக் கூச்சலுக்குள் கேட்கிறது. கோட்டியஸின் குரல் தாழ்கிறது, ஆனால் வளையவில்லை. போர்ப்படம் எதற்காக இருக்கிறதோ அது இந்த உரையாடலில் நடக்கிறது. பார்வையாளர் ஒரு முகத்தை அறிந்திருப்பதும் மற்றதை அறியாதிருப்பதும் இதில் ஒரு குறையாகவே வரவில்லை.

நட்சத்திரத்துக்கு நடைமுறைப் பயனும் உண்டு. ஒரே சீருடை, ஒரே தலைக்கவசம் அணிந்த கூட்டத்தில் யார் யாரென்று பிரித்தறிய வைக்கும் எளிய வழி தெரிந்த முகம்தான். எத்தனையோ பாத்திரங்கள் வந்துபோகும் ‘த லாங்கஸ்ட் டே’ அதையே நம்பி இயங்கியது. சில படங்கள் எடுக்கப்பட்டதே நட்சத்திரத்தின் பலத்தால். கோழைத்தனக் குற்றம் சாட்டித் தம் சிப்பாய்களையே சுட்டுக்கொல்லும் பிரெஞ்சுத் தளபதிகளைப் பற்றிய ஸ்டான்லி குப்ரிக்கின் ‘பாத்ஸ் ஆஃப் குளோரி’ (1957) கிர்க் டக்ளஸ் முன்வந்ததால் சாத்தியமானது; அவருடைய நிறுவனமே அதில் பங்கெடுத்தது. பிரான்சில் 1975 வரை திரையிடப்படாத அந்தப் படத்தில், இறுதிக் காட்சியை டக்ளஸ் பெயர் தெரியாத சிப்பாய்களின் முகங்களுக்கு விட்டுக்கொடுத்துக் கதவுக்கு வெளியே நிற்கிறார்.

ஒருவர் யாராக இருக்கிறாரோ அதையே நடிக்கவேண்டும் என்ற கோரிக்கையைத் திரை வரலாறு ஒருபோதும் ஏற்றதில்லை. யூத மனைவியோடு 1933இல் ஜெர்மனியை விட்டு வெளியேறிய கோன்ராட் ஃபைட்தான் ‘காசாபிளாங்கா’வின் (1942) நாஜி அதிகாரி. ‘ரயன்’ படத்தின் நடிகர்களுக்குப் போர்ப்பயிற்சி கொடுத்தபோது, மீட்கப்படும் ரயனாக நடித்த மேட் டேமனை மட்டும் அழைக்கவில்லை. சிரமப்பட்ட மற்றவர்களுக்கு அவர்மேல் உண்மையான கடுப்பு வரட்டும் என்பதற்காக. திரையில் தெரியும் உண்மை இப்படியெல்லாம் திட்டமிட்டு உண்டாக்கப்படுவது.

ரசனை வாதத்துக்கு உட்பட்டது

மூன்றாவது கருத்து, ரசனையைப் பற்றிக் கேள்வி கேட்கக் கூடாது என்பது. விருப்பங்களுக்குப் பின்னணி உண்டு: முதலில் பார்த்த வயது, குடும்பத்தில் யார் போருக்குப் போனார்கள் என்பது, நாட்டின் நினைவு. 1944இல் ஜெர்மன் முகாமிலிருந்து 76 பேர் தப்பி, பிடிபட்டவர்களில் 50 பேர் கொல்லப்பட்ட நிகழ்வைச் சொல்லும் ‘த கிரேட் எஸ்கேப்’ (1963) பிரிட்டனில் விடுமுறைநாள் தொலைக்காட்சிப் படமாகவே மக்கள் நினைவில் தங்கிவிட்டது. அதில் நினைவுகூரப்படுவது பெரும்பாலும் உண்மையில் நடக்காத ஒன்று: ஸ்டீவ் மெக்குவீனின் பாத்திரம் மோட்டார் சைக்கிளில் முள்வேலியைத் தாண்டுவது. ஜெர்மன் சிறைமுகாமில் உண்மையிலேயே அடைபட்டிருந்த டொனால்ட் பிளெசன்ஸ், பார்வை மங்கும் போலி ஆவணக்காரராக அதே படத்தில் செய்த நுட்பமான வேடம் அதற்கு அடுத்துத்தான் நினைவுக்கு வருகிறது. மெக்குவீனை விரும்புவது தவறல்ல. அந்த விருப்பம் படத்தை ஐம்பது பேரின் கொலையிலிருந்து ஒரு தாவலாக மாற்றிவிடுகிறது என்று சுட்டிக்காட்டுவதும் தவறல்ல.

ரசனை படத்துக்கே எதிராகப் போவதும் உண்டு. வளைகுடாப் போருக்குப் புறப்படும் அமெரிக்கச் சிப்பாய்கள் வியட்நாம் படங்களைப் போட்டுப் பார்த்து வெறியேற்றிக்கொண்டதை ஆந்தனி ஸ்வோஃபோர்டின் ‘ஜார்ஹெட்’ நினைவுநூல் பதிவு செய்கிறது. 2005இல் வந்த அதன் திரைவடிவில், ‘அபோகலிப்ஸ் நவ்’ (1979) படத்தின் ஹெலிகாப்டர் தாக்குதலுக்கு அரங்கமே ஆர்ப்பரிக்கிறது. ஒரு கிராமத்தை அழிக்கும் கிறுக்குத்தனத்தைக் காட்ட எடுத்த காட்சி அங்கே உற்சாகப் பானமாகிறது. காட்சி எவ்வளவு நிஜமாகவும் அழகாகவும் இருக்கிறதோ அவ்வளவு எளிதாக இது நடக்கிறது. தத்ரூபம் தன்னளவில் போருக்கு எதிரான மருந்தாகிவிடும் என்ற நம்பிக்கையை இதைவிடத் தெளிவாக உடைக்கும் சான்று தேவையில்லை. அந்தச் சிப்பாய்களின் ரசனை அவர்களுடையது. அது காட்சியைத் தவறாகப் படிக்கிறது என்பது யாருடைய தனிச்சொத்தும் அல்லாத, வாதிட்டு நிறுவக்கூடிய செய்தி.

ஆகவே ஒரு போர்ப்படத்தின் முன் எழுப்பவேண்டிய கேள்விகள் வேறு. இதில் யார் முடிவெடுக்கிறார்கள், அதற்கு யார் விலை கொடுக்கிறார்கள்? விலை கொடுத்தவர்களில் யாரைப் படம் மறைக்கிறது? நடிகர் தன் வேடத்துக்குள் இருக்கும் பயம், ஆசை, வெட்கம் ஆகியவற்றைக் கண்ணுக்குத் தெரியவைக்கிறாரா, அல்லது வீரத்தின் தோரணையை மட்டும் அணிந்துகொள்கிறாரா? இந்தக் கேள்விகளுக்கு முன் 1930ஆம் ஆண்டுப் படமும் 2022ஆம் ஆண்டுப் படமும் சமமாக நிற்கும். போருக்குப் போன மர்ஃபியும் போகாத வெய்னும் ஒரு படத்தில் தேறி மறுபடத்தில் தவறலாம். ‘சேவிங் பிரைவேட் ரயன்’ இந்தச் சோதனையிலும் தேறும். அதன் கடற்கரைக்காக மட்டும் அதைப் போற்றுபவர்கள், அந்தப் பள்ளி ஆசிரியருக்கு உரிய பாராட்டை இன்னும் கொடுக்கவில்லை.